நகமும் சதையும்: வடசென்னைப் பாதங்களின் சிறுவரலாறு

நெருங்கிய உறவைச் சுட்ட 'நகமும் சதையும் போல' என்பதைக் காட்டிலும் சுருக்கமான உவமை நம் மொழியில் இல்லை. அந்த உறவு கெட்டு நகமே சதையைக் குத்தத் தொடங்கும் நோய்க்கு மட்டும் நாம் நிலையான பெயர் வைக்கவில்லை. நகத்தைச் சுற்றி வீங்கிச் சீழ் கட்டினால் நகச்சுற்று. உள்ளங்காலில் தோல் கெட்டித்து உறுத்தினால் கால் ஆணி. விரலிடுக்கு வெந்து வெளுத்தால் சேற்றுப்புண். குதிகால் பிளந்தால் பித்தவெடிப்பு. கட்டைவிரல் நகத்தின் ஓரம் மடிந்து சதைக்குள் இறங்குவதை மட்டும் 'நகம் உள்ளே வளருது' என்று விவரித்துச் சொல்கிறோமே தவிர, பெயரிட்டு அழைப்பதில்லை. கலைச்சொல் ஆக்கியோர் 'உள்வளர் நகம்' என்பர். அது ஏட்டோடு நிற்கிறது. இந்தப் பெயரின்மை தற்செயலானது என்று நமக்குத் தோன்றவில்லை. பெரும்பாலோர் வெறுங்காலோடு நடந்த நாட்டில், ஒரு பெயரைச் சம்பாதித்துக் கொள்ளும் அளவுக்கு அந்நோய் பெருகியிருக்கவில்லை. சங்கப் பாடல்களிலேயே செருப்புக்குத் 'தொடுதோல்' என்ற சொல் உண்டுதான். ஆனால் சொல் இருப்பதும் ஊரார் எல்லோர் காலிலும் அப்பொருள் இருப்பதும் ஒன்றல்ல. விரல்களை ஒடுக்கி மூடும் காலணி அணியாத மக்களிடையே உள்வளர் நகம் அரிது என்பது மருத்துவ நூல்கள் பலகாலமாகக் கூறிவரும் செய்தி.

வடசென்னையின் வரலாற்றை எழுதுவோர் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்ட ரயிலில் தொடங்குவது வழக்கம். பிறகு துறைமுகம், ஆலைகள், தொழிற்சங்கங்கள் என்று செல்வார்கள். நாம் சற்றே குனிந்து, அங்கு உழைத்தவர்களின் பாதங்களைப் பார்க்க விரும்புகிறோம். அவ்வாறு பார்த்தால் சற்று வேறான ஒரு வரலாறு தென்படுகிறது. அதில் கப்பலைவிட முக்கியமானது, ஒரு மனிதனின் கால் நகத்தை யார் வெட்டிவிடுவது என்ற கேள்வி.

துறைமுகம் அமைவதற்கு முன் சென்னைக் கடற்கரையில் கப்பல்கள் கரையை அணுக முடியாது. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே அலைகளைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கொண்டுவந்தன. 1861ஆம் ஆண்டு இரும்புத் தூண்களின் மேல் ஒரு கப்பல் மேடை கடலுக்குள் நீண்டது; பின்னர் எழுந்த துறைமுகச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் உடைத்தது; மீண்டும் கட்டினார்கள். இவ்வளவையும் தாங்கியவை வெறுங்கால்கள். படகோட்டிகள் வழிபட்ட புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். இராயபுரம் என்னும் பெயரே அவர் வழி வந்தது என்பர். பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவித் துடைக்கும் சடங்கில் நினைக்கப்படுவதும், முதலில் காலை நீட்ட மறுத்த அதே இராயப்பர்தான். இந்தப் பேட்டைக்கு அது பொருத்தமான கதை.

வெறுங்கால் என்றால் நோயற்ற கால் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சிப்பி கிழிக்கும், மீன்முள் ஏறும், துருப்பிடித்த ஆணி தனுர்வாதம் கொண்டுவரும், ஈரமண் வழியே கொக்கிப்புழு நுழையும். முள் குத்திய வழியே மண்ணிலுள்ள பூஞ்சையும் நுண்ணுயிரும் புகுந்து பாதம் முழுவதும் புடைத்துத் துளைவிடும் நோயை, 1842ஆம் ஆண்டு மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர் பதிவு செய்தார்; இன்றுவரை உலக மருத்துவ நூல்களில் அது 'மதுரைப் பாதம்' என்றே வழங்குகிறது. ஓர் ஊரின் பெயர் பாதநோய் ஒன்றால் உலகறியப்பட்டது நமக்குப் பெருமையா என்று தெரியவில்லை. எனினும் அந்தக் கால்களில் விரல்கள் விரிந்திருந்தன. நகத்துக்கும் சதைக்கும் இடம் இருந்தது.

இந்த நிலை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மாறத் தொடங்கியது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யும் தொழிலாக எம்.ஆர்.எஃப். தொடங்கிற்று. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் அமைந்து, 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955இல் திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு வந்தது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, எண்ணூரில் அனல்மின் நிலையம் என்று 1970க்குள் அந்தப் பகுதியே வேறாகிவிட்டது. துறைமுகத்தில் 1983இல் கொள்கலன் முனையம் வந்தபோது மூட்டை தூக்கிய கால்கள் இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே நிற்க வேண்டியதாயிற்று. துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நலம், நலன் பற்றிய சட்டம் 1986இல் இயற்றப்பட்டது. வார்ப்படமும் உருளையும் எஃகுத் தகடும் விழும் இடங்களில் கால்விரல் நசுங்காதிருக்க, முனையில் இரும்புக் குமிழ் வைத்த காலணி வந்தது. தொழிலாளர் வாய்மொழியில் அது சேப்டி ஷூ.

அந்தக் காலணி எத்தனையோ விரல்களைக் காத்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. அதைக் குறைகூறவும் நாம் வரவில்லை. ஆனால் இரும்பு நெகிழ்ந்து கொடுக்காது. தோற்செருப்பு நாளடைவில் காலுக்கு ஏற்ப இளகும். இரும்புக் குமிழுக்கோ கால்தான் இளக வேண்டும். எம்மிடம் படித்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம்: தகப்பனார்க்கு ஒன்பதாம் எண் வேண்டும், கிடைத்தது எட்டு, 'போட்டா சரியாயிடும்' என்று மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பங்குனி வெயிலில், உலைக்களத்தின் அருகில், எட்டு மணி நேரமும் மிகைநேரமும் அந்தக் காலணிக்குள் கால் வேர்வையில் ஊறுகிறது. ஊறிய சதை மென்மையாகிறது, நகமும் மென்மையாகிறது. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் குமிழின் பக்கச்சுவர் சதையை நகத்தின் ஓரத்தை நோக்கி அழுத்துகிறது.

இதோடு நின்றாலும் நகம் பொறுத்துக்கொள்ளும். கெடுதி பெரும்பாலும் நகம் வெட்டும்போது நேர்கிறது. உறுத்துகிறதே என்று ஓரத்தை வளைத்து உள்ளே ஆழமாக வெட்டுகிறோம். அன்றைக்குச் சுகமாக இருக்கிறது. வெட்டு எட்டாத இடத்தில் ஒரு சிறு முள்போன்ற நகத்துண்டு எஞ்சிவிடுகிறது. கட்டைவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு முன்னோக்கி வளர்வது. அந்த முள்ளும் சதைக்குள்ளேயே முன்னேறுகிறது. உடலுக்கு அது வெளியிலிருந்து வந்த முள்ளே. சிவக்கிறது, வீங்குகிறது, பிறகு சீழ், பிறகு ஓரத்தில் இளஞ்சிவப்பாய், தொட்டால் இரத்தம் கசியும் சதை முளைக்கிறது. இந்த மூன்று படிகளை ஹைஃபெட்ஸ் என்னும் அறுவை மருத்துவர் 1937இல் வகுத்தார். இன்றும் அதுவே வழக்கில் இருக்கிறது. முதல் படியில் இருப்பவர்க்கு இளஞ்சூட்டு உப்புநீரில் காலை வைத்திருந்து, துடைத்து உலர்த்தி, நக ஓரத்தின் அடியில் சிறு பஞ்சுத்திரியைச் செருகி, அகன்ற காலணிக்கு மாறினால் பெரும்பாலும் போதும். இரண்டாம், மூன்றாம் படிகளில் மருத்துவரிடம் செல்லாமல் முடியாது.

நகத்தின் நடுவில் ஒரு பள்ளம் வெட்டினால் ஓரங்கள் நடுவை நோக்கி நகர்ந்துவிடும் என்று சொல்வார்கள். நகம் வேரிலிருந்து வளர்வது. நுனியில் என்ன வெட்டினாலும் வேருக்குச் செய்தி போவதில்லை. விரலில் எலுமிச்சம்பழம் செருகுவதும் மஞ்சளும் மருதாணியும் அரைத்துப் பூசுவதும் நகச்சுற்றுக்கு நம் வீடுகளில் வழங்கிய கைவைத்தியங்கள். உள்ளே குத்திக்கொண்டிருக்கும் நகத்துண்டை அவற்றால் வெளியேற்ற முடியாது.

பழைய மருத்துவ நூலோர் நகத்தை அற்பமாக எண்ணவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பதினைந்து நாட்களில் மும்முறை முடியும் நகமும் களையச் சொல்கிறது சரக சம்ஹிதை; காலணி அணிவதன் நன்மையையும் கூறுகிறது. சுசுருத சம்ஹிதை சிறுநோய்கள் வரிசையில் சிப்பம், குநகம் என்று நகநோய்கள் இரண்டைத் தனித்தனியே வைத்து, முதலாவதற்குச் சுடுநீர் ஊற்றி வெட்டிக் கசிவை வெளியேற்றும் முறையைச் சொல்கிறது. மேற்கே ஏழாம் நூற்றாண்டின் ஏகினா பவுலும் கோர்தோபாவின் அல்சஹ்ராவியும் சதைக்குள் ஏறிய நகத்தைத் தூக்கி அறுப்பதை எழுதியிருக்கிறார்கள். நூல் எழுதியவர்கள் இவர்கள். நகத்தை நாள்தோறும் வெட்டியவர்கள் யார்?

தமிழ்நாட்டில் அதற்கு விடை ஐயத்துக்கு இடமில்லாதது: நாவிதர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில், அச்சமூகத்து ஆண்கள் முடிதிருத்துவதோடு வைத்தியமும் செய்ததும் பெண்கள் மருத்துவச்சிகளாக இருந்ததும் பதிவாகியுள்ளன. தமிழகத்தில் அச்சமூகத்துக்கு 'மருத்துவர்' என்ற பெயர் வழங்குவது வெறும் உபசாரமன்று. அது ஒரு தொழில்வரலாற்றின் எச்சம். அவர்கள் அடைப்பத்திலிருந்த நகம் களையும் கருவி சிற்றுளி போன்றது. உளியின் வாய் நேரானது. குறுக்கே நேராகச் சீவுவதற்கே அது ஏற்றது. ஓரங்களில் வளைந்து இறங்குவது அதற்கு எளிதன்று. இன்று ரயிலில் கூவி விற்கும் நகவெட்டியின் வாயோ பிறைபோல் வளைந்திருக்கிறது. கைவிரலுக்குப் பொருந்தும் அந்த வளைவு, கால் கட்டைவிரலுக்குத் தீங்கு என்பது நம் கணிப்பு. விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டாதே என்று பெரியோர் தடுத்ததற்கு வேறு காரணம் எதுவும் தேடவேண்டியதில்லை. எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் நகக்கண் தெரியாது.

இந்த இடத்தில்தான் நமக்கு மனம் உறுத்துகிறது. திருவடியைத் தலைமேல் சூடிக்கொள்ளும் இலக்கியம் நம்முடையது. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் அடியார் என்ற சொல்லுக்குள்ள பெருமையை விளக்கவேண்டியதில்லை. ஆயினும் மனிதனின் அடியைத் தொட்டு நகம் களைந்தவரை நாம் வாசலுக்கு அப்பால் நிறுத்தினோம். கைம்மாறாக ஆண்டுக்கொரு முறை நெல் அளந்தோம். அச்சமூகத்தார் 20ஆம் நூற்றாண்டில் வீடுவீடாகச் சென்று செய்யும் அந்த ஊழியத்தை உதறியது முற்றிலும் நியாயமானது. பழங்காலம் திரும்ப வேண்டும் என்று ஏங்குவோர் கூட்டத்தில் நாம் இல்லை. ஆனால் அவர்கள் கைகளில் இருந்த திறன்கள் என்னவாயின என்பதைக் கவனிக்கலாம். மகப்பேறு பார்த்தல் அரசு மருத்துவமனைக்குச் சென்றது. எழும்பூரில் 1844லேயே அதற்கு மருத்துவமனை வந்துவிட்டது, இராயபுரத்துக்கும் பின்னர் ஆர்.எஸ்.ஆர்.எம். வந்தது. கட்டியை அறுப்பது அறுவை மருத்துவர் கைக்குப் போயிற்று. முடிதிருத்தல் சலூனுக்குப் போயிற்று. கால் நகம் களைதலை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது அவரவர் கைக்கு விடப்பட்டது. குனிய முடியாதவர்க்கும் கண் தெரியாதவர்க்கும் அது யாருமற்ற வேலையாயிற்று.

ஐரோப்பாவில் இது வேறுவிதமாக நடந்தது. அங்கும் நாவிதரும் அறுவையாளரும் ஒரே சங்கத்தினராக இருந்தவர்களே. இலண்டனில் 1540இல் இணைந்தவர்கள் 1745இல் பிரிந்தார்கள். தெருவில் கால் ஆணி வெட்டித் திரிந்தவர்கள் பின்னர் தனித்தொழிலாக அமைந்து, 1912இல் இங்கிலாந்தில் கால்மருத்துவர்களின் தேசியச் சங்கமாயினர். படித்த மருத்துவர்கள் அவர்களைக் கொஞ்சம் ஏளனமாகவே பார்த்தார்கள். ஆனால் உள்வளர் நகத்துக்கு இன்று பரவலாகச் செய்யப்படும் சிகிச்சை அந்தத் தொழிலிலிருந்து வந்தது. அறுவை மருத்துவர்கள் நகத்தை முழுதாகப் பிடுங்கினார்கள். ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டில் நகம் திரும்ப வளர்ந்தது, பலர்க்கு நோயும் கூடவே வளர்ந்தது. வேர்ச்சதையையே அறுத்தெடுக்கும் முறைகளை 1929இல் வினோகிராடும் 1950இல் ஸாடிக்கும் எழுதினார்கள். இடையில் 1945இல், ஆட்டோ பால் என்ற அமெரிக்கக் கால்மருத்துவர், குத்தும் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் எடுத்துவிட்டு, அந்த ஓரத்து வேரில் ஃபீனால் தடவிக் கருக்கிவிடும் முறையை வெளியிட்டார். விரலடியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை. நகம் சற்று ஒடுங்கி நிற்கும். அந்த ஓரம் பெரும்பாலும் மீண்டும் வளராது. பல ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்த காக்ரேன் மீளாய்வும், நோய் திரும்பாமல் தடுப்பதில் நகத்தை எடுப்பதோடு ஃபீனாலையும் சேர்ப்பதே மேல் என்று கண்டது. லிஸ்டர் 1865இல் புண்ணைக் காக்க எடுத்த அதே கார்பாலிக் அமிலம்தான் ஃபீனால். நிலக்கரித் தாரிலிருந்து முதலில் வடித்தெடுக்கப்பட்டது. நிலக்கரித் தூசியை நெடுங்காலம் சுவாசித்த இராயபுரத்தார்க்கு அக்கரியிலிருந்து கிடைத்த நன்மைகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பகுதியின் பெரிய மருத்துவமனை ஸ்டான்லி. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தோடு பிறந்ததால், முதியோர் நாவில் அது நெடுங்காலம் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1938இல் ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரியாயிற்று. ஆலைகளில் விரல் இழந்து வந்தவர்களின் கூட்டமே பேராசிரியர் ஆர். வேங்கடசாமியை 1971இல் அங்கே கைக்கென்று தனி அறுவைப் பிரிவு தொடங்கச் செய்தது. அது இன்று நாடறிந்த நிறுவனம். கை உழைக்கும் உறுப்பு. கை போனால் கூலி போகும் என்பது எல்லோர்க்கும் விளங்கியது. காலுக்கு அவ்வாறு யாரும் அவசரப்படவில்லை. கால் நகம் என்றால் சிறு அறுவை அறையில் ஒரு பெஞ்சு, ஒரு ஊசி, ஒரு குறடு, அவ்வளவே.

காலுக்கு மதிப்பு வந்தது சர்க்கரை நோயால். பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லியில் நீரிழிவுக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கினார். 1954இல் இராயபுரம் மேற்கு மாதா சர்ச் தெருவில் அவர் பொது மருத்துவமனையாகத் தொடங்கியது, 1971இல் நீரிழிவுக்கு மட்டுமேயான மருத்துவமனை ஆயிற்று. அன்று சர்க்கரை நோய் பணக்காரர் வியாதி என்று பேசப்பட்ட காலம். மூட்டை தூக்குவோரும் மீனவரும் வாழும் பேட்டையில் அப்படியொரு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் இருந்திருக்கலாம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. பணக்காரர் எண்ணிக்கை அவ்வளவு இல்லை.

நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் பாதத்து நரம்புகள் மரக்கின்றன, குருதிக்குழாய்கள் ஒடுங்குகின்றன. இப்போது அதே உள்வளர் நகத்தை எண்ணிப் பாருங்கள். மற்றவர்க்கு அது நொண்ட வைக்கும்; மருத்துவரிடம் விரட்டும். நரம்பு மரத்தவர்க்கோ வலியே இல்லை. நகம் குத்துகிறது, அவர் நடக்கிறார். காலுறையில் கறை படிந்த பிறகுதான் தெரிகிறது. குருதியோட்டம் குறைந்த விரலில் சீழ் எலும்பைத் தொடுகிறது, விரல் கறுக்கிறது, விரலை எடுக்கிறார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டுவது என்று நம்மவர் சொல்வதுண்டு. இங்கே அது பழமொழியாக இல்லை. மருத்துவமனைக் கோப்பாக இருக்கிறது.

வலியில்லாமை எத்தகைய ஆபத்து என்பதைத் தமிழ் நிலம் சர்க்கரைக்கு முன்பே தொழுநோயில் கற்றிருந்தது. 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயாளர் பாதங்கள் தாமாக அழுகுவதில்லை, உணர்வற்ற காலில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே புண்ணாகிறது என்பதை நிறுவினார். வேலூரிலும் 1955இல் அமைந்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அழுத்தத்தைப் பரப்பும் நுண்துளை ரப்பர்ச் செருப்புகள் வழக்கத்துக்கு வந்தன. புண்பட்ட காலை ஒட்ட மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிட்டே ஆற்றும் முறையை 1930களிலேயே இலங்கையில் தமிழரான மில்ராய் பால் கையாண்டிருந்தார். பிராண்டு 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது இந்த அறிவெல்லாம் அவரோடு சென்று, அங்கிருந்து நீரிழிவுப் பாதத்துக்குப் பயன்பட்டது. உள்ளங்காலில் தொட்டு உணர்வைச் சோதிக்கும் நைலான் இழையின் அளவைத் தொழுநோயாளர், நீரிழிவாளர் கால்களில் ஆராய்ந்து 1986இல் எழுதியவர்களும் கார்விலைச் சேர்ந்தவர்களே. நோயாளிகளில் பலர் அந்தக் கறுப்பு ரப்பர்ச் செருப்பை அணிய மறுத்ததும் இந்த வரலாற்றின் பகுதி. தொழுநோயாளி என்று தெரு நினைத்துவிடுமே என்ற அச்சம் அவர்களுக்கு. காலைவிட மானம் பெரிது என்பது நமக்குப் புதிதன்று.

இராயபுரத்தில் விஜய் விஸ்வநாதனும் உடன் பணியாற்றியோரும் இந்த அறிவை நீரிழிவாளர்க்காக மீண்டும் சோதித்தார்கள். நரம்பு மரத்த பாதத்துக்கு எவ்வகை உள்ளடிச் செருப்பு ஏற்றது என்ற அவர்கள் ஆய்வு 2004இலும், பாதப் பராமரிப்பைக் கற்பித்தால் கால் இழப்பு எவ்வளவு தடுக்கப்படும் என்ற ஆய்வு 2005இலும் நீரிழிவு ஆய்விதழில் வெளிவந்தன. இரண்டாவது ஆய்வின் முடிவு எளிமையானது: சொன்னபடி காலைப் பார்த்துக்கொண்டவர்களின் புண்கள் ஆறின, கேளாதவர்களில் புதுப்புண்ணும் அறுவையும் கூடின. மருந்தைப் பற்றிய ஆய்வன்று அது. காலைத் தினமும் பார், நேராக நகம் வெட்டு, வெறுங்காலோடு நடவாதே என்று ஒருவர்க்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதைப் பற்றியது. ஒரு காலத்தில் அடைப்பப் பெட்டியோடு வந்தவர் கையில் இருந்த வேலை, ஏறக்குறைய நூறாண்டு அலைந்து, ஒரு கற்பித்தல் முறையாக அதே பேட்டைக்குத் திரும்பியிருக்கிறது.

திரும்பியது போதுமான அளவு என்று சொல்ல மாட்டோம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியபோது, முதல் நாட்களில் மீனவர்கள் போதிய கையுறையோ காலணியோ இன்றி எண்ணெயில் இறங்கி வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. கால் என்ற உறுப்பு கணக்கில் வரும் வரிசை இன்னமும் கடைசிதான்.

பேட்டைகளில் ஓய்வுபெற்ற தொழிலாளர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். குனிந்தால் வயிறு தடுக்கிறது, கண்ணில் புரை, கை நடுக்கம். பல ஆண்டு சேப்டி ஷூவில் கிடந்த கட்டைவிரல் நகம் தடித்து மஞ்சளித்து மடிந்திருக்கிறது. அதை அவர் பிளேடால் தாமே நோண்டுவதைத்தான் மருத்துவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். பாதநோய்ப் பிரிவுகளில் பயிற்சி பெற்றவர் ஒருவர் தாழ்வான முக்காலியில் அமர்ந்து, அந்தப் பாதத்தைத் தம் முன் உயர்த்தி வைத்து, வெளிச்சத்தைத் திருப்பி, நகத்தைச் சிறிது சிறிதாக வெட்டுகிறார். உள்வளர் நகமானால் குருதியோட்டத்தைச் சோதித்த பிறகே மருத்துவர் கத்தியைத் தொடுவார். வீட்டில் மகனோ மருமகளோ இதைச் செய்வதானால் குளித்த பின்பு, நகம் ஊறியிருக்கும்போது, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் செய்யலாம். குறுக்கே நேராக, நுனியின் வெண்மை சிறிது எஞ்சுமாறு வெட்ட வேண்டும். மூலைகளைத் தோண்டாமல் அரத்தால் மழுக்கினால் போதும். சர்க்கரை உள்ளவர் காலுக்குச் சுடுநீர் கூடாது. சூடு அவர்க்குத் தெரியாது, கொப்புளமாகிய பிறகே தெரியும். காலணியை மாலையில் வாங்குவது நல்லது, பகல் முழுதும் நின்ற கால் அப்போது சற்றுப் பருத்திருக்கும். ஒவ்வொரு நாளும் அணிவதற்குமுன் உள்ளே கைவிட்டு ஒருமுறை துழாவிப் பார்க்க வேண்டும். ஒரு சிறு கல்லோ, பிரிந்த தையலோ, நேற்று விழுந்த திருகாணியோ அங்கே கிடக்கலாம்.